‘நான்’ என்ற சொல்லும் தன்னைத் தான் அறிதலும்

பேசுபவரைக் குறிக்கும் இடத்தைத் ‘தன்மை’ என்றும், கேட்பவரைக் குறிக்கும் இடத்தை ‘முன்னிலை’ என்றும், ஏனையோரைக் குறிக்கும் இடத்தைப் ‘படர்க்கை’ என்றும் தமிழ் இலக்கணம் தொல்காப்பியம் தொட்டு வழங்கி வருகிறது. முன்னிலை என்பது முன்னே நிற்பது, படர்க்கை என்பது அப்பால் படர்வது என்று அவ்விரு பெயர்களும் ஓர் இடத்தைக் காட்டி நிற்க, தன்மை என்ற பெயர் மட்டும் எந்தத் திசையையும் காட்டாமல் ‘தன்’ என்ற சொல்லின் மேலேயே அமைந்திருக்கிறது. ‘நீ’ என்றும் ‘அவர்’ என்றும் சொல்லும்போது பலருள் ஒருவரைக் கண்டு, பிரித்து, சுட்டுகிறோம். ‘நான்’ என்னும்போதும் அவ்வாறே ஒன்றைக் கண்டுதான் சுட்டுகிறோமா என்ற வினா இப்பெயரீட்டிலேயே ஒளிந்திருக்கிறது. மொழி, மனம் பற்றிய இருபதாம் நூற்றாண்டு மெய்யியலில் மிக நுட்பமான விவாதங்கள் சில இவ்வினாவைச் சுற்றி எழுந்தவை; அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வேதாந்த உரையாசிரியர்கள் வீடுபேறு என்ன என்பதையே இவ்வினாவின் விடையில் தொங்கவிட்டு வாதிட்டிருக்கின்றனர். ஒருவர் தம்மைத் தாமாகவே எண்ணும் எண்ணத்தைத் ‘தன்மை எண்ணம்’ என்றும், ஒரு சொல்லோ எண்ணமோ தன்னை உடையவரையே குறிப்பதைத் ‘தற்சுட்டு’ என்றும் இக்கட்டுரை வழங்கும்.

தன்மை எண்ணம் ஏன் தனித்து ஆராயத் தக்கது என்பதை ஓர் எளிய நிலைமையைக் கொண்டு காட்டலாம். ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன்கள் கொடுக்கப்படுகின்றன. 66 என்று பொறித்த டோக்கனைப் பெற்ற ஒருவர் அதைத் தலைகீழாகப் பிடித்து 99 என்று படித்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். செவிலியர் வந்து அறுபத்தாறாம் எண்ணை அழைக்கிறார், யாரும் எழுந்திருக்கவில்லை, மறுபடியும் அழைக்கிறார். உட்கார்ந்திருப்பவருக்கு அறுபத்தாறாம் எண்காரர் அழைக்கப்பட்டது தெரியும். அவர் மூன்றாம் அறைக்குப் போக வேண்டும் என்பது தெரியும். அவர் எழாததால் எல்லாருக்கும் தாமதமாகிறது என்பதும் தெரியும். அந்த ஆள் எங்கே போய்விட்டார் என்று அவரும் சுற்றுமுற்றும் பார்க்கிறார். பிறகு ஏதோ நினைவாக டோக்கனை எடுத்துப் பார்க்கும்போது, எண்களுக்கு அடியில் இருக்க வேண்டிய கோடு தலைக்கு மேல் இருப்பதைக் கண்டு, வில்லையைத் திருப்பி, சட்டென்று எழுந்து நடக்கிறார்.

அந்த நொடியில் அவருக்குப் புதிதாகக் கிடைத்த அறிவு எது என்பதே வினா. அறுபத்தாறாம் எண்காரரைப் பற்றிய செய்திகள் எல்லாம் முன்னரே கைவசம் இருந்தன. புதிதாக வந்தது ‘அது நான்தான்’ என்ற எண்ணம். இந்த ‘நான்’ இருக்கும் இடத்தில் அவருடைய பெயரையோ, சட்டையின் நிறத்தையோ, ஊரையோ, வேறு எந்த அடையாளத்தையோ வைத்துப் பார்த்தால், அவர் எழுந்ததற்கான காரணம் மறைந்துவிடுகிறது. அந்த அடையாளத்துக்கு உரியவர் தாமே என்று அவர் அறிந்தாலன்றி அவருடைய கால்கள் அசையமாட்டா. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் பெரி 1979-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், பல்பொருள் அங்காடியில் சர்க்கரை சிந்திச் செல்பவரைத் தேடித் திரிந்து, சிந்துவது தம்முடைய தள்ளுவண்டியே என்று பின்னர் உணரும் ஒருவரை எடுத்துக்காட்டி, செயலுக்குத் தூண்டும் இவ்வெண்ணத்திலிருந்து ‘நான்’ என்பதை நீக்க முடியாது என்று நிறுவினார். அதே ஆண்டில் டேவிட் லூயிஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். உலகைப் பற்றிய உண்மைகள் அனைத்தையும் அறிந்த இரு தேவர்களை அவர் கற்பனை செய்கிறார். ஒருவர் மிக உயர்ந்த மலையின் மேலிருந்து உணவைப் பொழிகிறார். மற்றவர் மிகக் குளிர்ந்த மலையின் மேலிருந்து இடியை எறிகிறார். உலகில் நடப்பது எதுவும் அவர்களுக்கு மறைவில்லை. ஆனாலும் அவ்விருவருள் தாம் எவர் என்பதை இருவரும் அறியாதிருக்கக் கூடும் என்கிறார் லூயிஸ். படர்க்கையில் சொல்லக்கூடிய உண்மைகள் அனைத்தையும் கூட்டினாலும் தன்மை அறிவு அதிலிருந்து பிறக்காது என்பதே அவர் கண்ட முடிவு.

இவ்வேறுபாட்டைப் பிறர் வாயால் சொல்வது எப்படி என்பதில் ஆங்கில மெய்யியல் திணறிய கதை தமிழ் வாசகர்களுக்குத் தனிச் சுவை தருவது. குவாத்தமாலாவில் பிறந்த எக்டர்-நேரி கஸ்தனேதா, 1966-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் தம்மைத் தாமாகவே எண்ணுவதை மற்றொருவர் எடுத்துரைக்கும்போது வரும் ‘அவர்’ என்ற சொல் சாதாரண ‘அவர்’ அன்று என்று கண்டு, அதைப் பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் தனிச் சொல் இல்லாமையால் சொல்லோடு ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்து எழுதினார். தமிழில் அந்த நட்சத்திரத்துக்கு வேலை இல்லை. ‘தான்’ என்ற சொல்லும் அதன் பன்மையான ‘தாம்’ என்ற சொல்லும் அப்பணியைச் செய்து வருகின்றன. டோக்கனைத் தலைகீழாகப் படித்தவரைப் பற்றி, ‘அறுபத்தாறாம் எண்காரர் தாமதிப்பதாக அவர் நினைத்தார்’ என்பது மெய். ‘தாம் தாமதிப்பதாக அவர் நினைத்தார்’ என்பது பொய். இரண்டிலும் பேசப்படுபவர் ஒருவரே ஆயினும், தமிழ் பேசும் எவரும் இரண்டாவது வாக்கியத்தை மறுத்துவிடுவர். (‘அவர்தான்’ என்பதில் ஒட்டி வரும் தேற்றப் பொருள்கொண்ட ‘தான்’ வேறு, இங்கே பேசப்படுவது தனித்து நிற்கும் பெயர்ச்சொல்.)

‘தான்’ எல்லா இடங்களிலும் இவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில சூழல்களில் அது பேசப்படுபவரின் நோக்குநிலையை மட்டும் காட்டி நிற்கும். ஆனால் பேச்சுத் தமிழில் ‘தான் ஜெயிச்சேன்னு சொன்னான்’ என்பது போன்ற வாக்கியங்கள் வருகின்றன. எழுவாய் ‘தான்’ என்று இருக்க, வினையோ ‘ஏன்’ என்ற தன்மை விகுதியை ஏற்கிறது. சந்தியா சுந்தரேசன் முதலிய மொழியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ள இவ்வமைப்பில் ஐயத்துக்கு இடமே இல்லை. ‘ஜெயிச்சேன்’ என்பதில் உள்ள தன்மை, வாக்கியத்தை இப்போது சொல்பவருடையது அன்று, சொன்னதாகக் காட்டப்படுபவருடையது. ‘நான்’ போன்ற சொற்களின் பொருளுக்கு விதி வகுத்த டேவிட் கப்லான், தன்மைச் சொல்லைப் பேசுபவரிடமிருந்து பெயர்த்து வேறொருவரிடம் சேர்க்கும் அமைப்பு ஆங்கிலத்தில் இல்லை, சேர்க்கவும் முடியாது என்று சொல்லி, அத்தகைய அமைப்புகளுக்கு ‘அரக்கர்கள்’ என்று பெயரிட்டார். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் அந்த அரக்கர்கள் உலவுவதை பிலிப் ஷ்லெங்கர் பின்னர் எடுத்துக்காட்டினார். தமிழர் வீட்டுத் திண்ணைப் பேச்சிலும் அவை நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றன.

கப்லானின் விதி எளியது: ‘நான்’ என்ற சொல் அதைச் சொல்பவரைக் குறிக்கும். இவ்விதி சரியானதே. ஆயினும் தற்சுட்டை விளக்கும் இது தன்மை எண்ணத்தை விளக்குவதில்லை. தமிழகத்துக் கடைகளில் கழுதைப் படத்தின் கீழ் ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதி மாட்டியிருப்பார்கள்; அங்கே ‘என்னை’ என்ற சொல் படத்திலுள்ள கழுதையைப் பிழையின்றிக் குறிக்கிறது, படிப்பவரும் தடுமாறுவதில்லை, ஆனால் கழுதைப் படத்துக்குள் எந்த எண்ணமும் இல்லை. சுட்டு நிகழ்வதற்கு விதி போதும். தன்னை அறிவதற்கு அது போதாது. இதன் மறுதலையையும் காட்டலாம். இயற்பியலாளரும் மெய்யியலாளருமான எர்ன்ஸ்ட் மாக், இரவு ரயில் பயணத்துக்குப் பின் களைப்போடு ஒரு பேருந்தில் ஏறியபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறி வரும் ஒருவரைக் கண்டு, எவ்வளவு நைந்துபோன பள்ளி ஆசிரியர் என்று எண்ணியதாகவும், அது எதிரே இருந்த கண்ணாடியில் தெரிந்த தம் உருவமே என்று பிறகு கண்டதாகவும் எழுதியிருக்கிறார். மாக்கின் எண்ணம் மாக்கையே குறித்தது. அதில் தன்மை மட்டும் இல்லை.

ஜெர்மானியத் தர்க்கவியலாளர் கோட்லொப் ஃப்ரேகே 1918-இல் ‘எண்ணம்’ பற்றி எழுதிய கட்டுரையில், ஒவ்வொருவரும் வேறு எவருக்கும் வாய்க்காத ஒரு முதன்மையான முறையில் தமக்குத் தாம் வெளிப்படுகின்றனர் என்று கூறி, அவ்வழியில் எழும் எண்ணத்தைப் பிறர் பற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்தார். கவனிப்பில் ஃப்ரேகே தவறவில்லை; முடிவில் அவசரப்பட்டுவிட்டார் என்றே கொள்ள வேண்டும். ஒருவர் ‘எனக்கு வலிக்கிறது’ என்றால், கேட்பவர் ‘தமக்கு வலிக்கிறது என்கிறார்’ என்று அதே எண்ணத்தை எடுத்துரைக்கிறார், நம்புகிறார், சில வேளை மறுக்கவும் செய்கிறார். பிறரிடம் செல்ல முடியாத எண்ணமாக அது இருந்திருந்தால் ‘தாம்’ என்ற சொல்லுக்கு மொழியில் இடமே ஏற்பட்டிராது.

அந்த முதன்மையான முறை எத்தகையது என்பதில்தான் விட்கென்ஸ்டைன் புதிய வழி திறந்தார். 1933-34 கல்வியாண்டில் மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவித்து, பின்னர் ‘நீல நூல்’ என்று பெயர்பெற்ற குறிப்புகளில், ‘நான்’ என்பதற்கு இருவகை ஆட்சி உண்டு என்று அவர் பிரித்தார். நெரிசலான பேருந்தில் மேற்கம்பியைப் பத்துக் கைகள் பிடித்திருக்கின்றன; அவற்றுள் ஒன்றில் இரத்தம் கசிவதைப் பார்த்து ‘என் கையில் அடிபட்டிருக்கிறது’ என்று ஒருவர் பதறலாம், பிறகு அது பக்கத்தில் நிற்பவரின் கை என்று தெரியவரலாம். இங்கே ஒரு கையைக் கண்டு அது யாருடையது என்று அடையாளம் காணும் வேலை நடக்கிறது. நடப்பதால் அதில் பிழையும் நேரலாம். ஆனால் வலியை உணர்ந்து ‘எனக்கு வலிக்கிறது’ என்னும்போது, வலி ஒன்று இருக்கிறது, அது யாருக்கு என்று தேடி, தமக்குத்தான் என்று முடிவு கட்டுவது போன்ற வேலை எதுவும் நடப்பதில்லை. ‘வலிப்பது உண்மை, ஆனால் வலிப்பவர் வேறு யாராவது இருக்குமோ?’ என்ற ஐயம் பொருளற்றது. சிட்னி ஷூமேக்கர் 1968-இல் இதை ‘ஆள்மாறாட்டப் பிழைக்கு ஆட்படாமை’ என்னும் பொருளில் பெயரிட்டு வரையறுத்தார். தன்னை அறிதல் தன்னைத் தேடிக் கண்டுபிடிப்பதாக இல்லாததாலேயே அதில் ஆள்மாறாட்டம் நிகழ்வதில்லை என்பது இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

பிழைக்கு இடமில்லாத ஒன்று கிடைத்ததும், அதன் அடியில் அழியாத பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று தாவும் ஆசை மெய்யியலில் பழையது. 1641-இல் வெளிவந்த ‘தியானங்கள்’ நூலில் எல்லாவற்றையும் ஐயுற்ற டெக்கார்ட், ஐயுறும் செயலே தம் இருப்புக்குச் சான்று என்று கண்டு, அங்கிருந்து சிந்திக்கும் பொருள் ஒன்றை நிறுவப் புறப்பட்டார். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் லிக்டன்பெர்க், மின்னல் அடிக்கும்போது ‘மின்னுகிறது’ என்று மட்டும் சொல்வது போல, எண்ணம் எழும்போது எண்ணம் நிகழ்கிறது என்று மட்டுமே சொல்ல உரிமை உண்டு, ‘நான்’ என்பது அதற்கு மேலான சேர்க்கை என்று மறுத்தார். ஐரோப்பிய மொழிகளில் வலிந்து சொல்ல வேண்டிய இவ்வடிவம் தமிழில் இயல்பாக அமைகிறது. ‘பசிக்கிறது’ என்பது முழு வாக்கியம். அதில் எழுவாயாக ‘நான்’ வருவதே இல்லை, வந்தால் இலக்கணப் பிழை. ஆனால் ‘யாருக்கு?’ என்று கேட்ட மாத்திரத்தில் ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை வந்து நிற்கிறது. பசி என்பதைச் செய்பவர் எவரும் இல்லை என்றாலும், பசி யாருக்கும் இல்லாமல் வெறுமனே நிகழ்வதும் இல்லை. லிக்டன்பெர்க் செய்பவரை நீக்கியது ஏற்கத் தக்கது. அதனோடு உடையவரையும் நீக்கிவிட்டதாக எண்ணினால் அது மிகை.

எலிசபெத் ஆன்ஸ்கம் 1975-இல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலை அதன் எல்லை வரை கொண்டு சென்றது. புலன்கள் அனைத்தும் அடைக்கப்பட்டு, உடலின் உணர்வே இல்லாத நிலையிலும் ஒருவர் ‘நான்’ என்று எண்ணலாம். அவ்வெண்ணம் குறி தவறாது. ‘நான்’ ஒரு பொருளைச் சுட்டும் சொல்லாயின், ஒருபோதும் தவறாமல் கைவசம் இருக்கும் அப்பொருள் டெக்கார்ட்டின் உடலற்ற ஆன்மாவாகவே இருக்க முடியும். அதை ஏற்க இயலாது. எனவே ‘நான்’ எதையும் சுட்டும் சொல்லே அன்று என்றார் அவர். இவ்வாதத்தின் துணிவு வியக்கத் தக்கது, ஆயினும் அதன் முதற்படியிலேயே ஒரு வழுக்கல் உண்டு. கழுதைப் படத்தில் கண்டபடி, ‘நான்’ குறி தவறாமைக்குக் காரணம் சொல்லின் ஆட்சிவிதியே. உள்ளே ஏதோ ஒன்றைக் கண்ணெதிரே வைத்திருப்பது காரணமன்று. 1980-இல் 34 வயதிலேயே மறைந்த காரெத் எவன்ஸ், ஈராண்டுக்குப் பின் வெளிவந்த தம் நூலில், கால் மடங்கியிருப்பதையும் உடல் சாய்ந்திருப்பதையும் கண்ணால் பாராமல் உள்ளிருந்தே அறியும் அறிவிலும் ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை என்று காட்டினார். அதனால் ‘நான்’ சுட்டுவது உடலோடு கூடி, இடத்தில் இருந்து, எழுந்து நடக்கும் ஆளையே என்று கொள்வதற்கு ஆன்ஸ்கம் கண்ட தடை தடையாகாது. இதே இடத்தில் சைவ சித்தாந்தத்தின் தலைநூலான சிவஞானபோதத்தையும் நினைக்கலாம். உயிர் உண்டு என்பதற்கு மெய்கண்டார் தரும் ஏதுக்களுள் ஒன்று, மக்கள் ‘என் உடல்’ என்று உடலைத் தம்மின் வேறாகச் சொல்லும் வழக்கு. ‘என் உயிர்’, ‘என் மனம்’ என்றும் அதே வாயால் சொல்வதால், இந்த ஒரு வழக்கு தனித்து அவ்வளவு பாரம் தாங்காது; அவர் அடுக்கும் மற்ற ஏதுக்களோடு சேர்த்தே அதை எடை போட வேண்டும்.

வேதாந்தத்துள் இவ்வினா உயிர்ப்போராட்டமாகவே நடந்தது. ‘நான்’ என்ற உணர்வில் தூய அறிவும் அதன்மேல் ஏற்றப்பட்ட அகங்காரமும் கலந்துள்ளன. ஆழ்ந்த உறக்கத்தில் ‘நான்’ அடங்கிவிட, சாட்சியாகிய அறிவு மட்டும் எஞ்சுகிறது. ஆதலால் ‘நான்’ என்பது ஆன்மா அன்று என்பது அத்வைதத்தின் நிலை. திருப்பெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், பிரமசூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்திலேயே இதை விரிவாக மறுத்து, ‘நான்’ என்பதன் பொருளே ஆன்மா என்று நிலைநாட்டினார். விழித்தெழுந்தவர் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்கிறார். தூங்கியபோது ‘நான்’ இல்லாதிருந்தால் தூங்கியது யார் என்று இராமாநுசர் கேட்கிறார். அதைவிட வலிய வாதம் அவருடைய மற்றொன்று. துன்பத்தில் உழல்பவன் ‘நான் இதிலிருந்து விடுபட வேண்டும்’ என்றே வீட்டை நாடுகிறான். அந்த ‘நான்’ வீட்டில் அழிந்துபோய், வேறு ஏதோ ஓர் அறிவு மட்டும் அங்கே எஞ்சும் என்று அவனுக்குச் சொன்னால், வீடுபேற்றின் பேச்சு எழும் இடத்திலிருந்தே அவன் விலகிப் போய்விடுவான். பெரியின் கட்டுரைக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வாதத்தில், தன்மை எண்ணம் இல்லாமல் செயலுக்குத் தூண்டுதல் இல்லை என்ற அதே உண்மை கருவியாக நிற்பதைக் காணலாம். அறுபத்தாறாம் எண்காரர் பெறப்போகும் மருந்து, தாமே அவர் என்று அறியாதவரை எழுப்பாது. எங்கோ எஞ்சும் தூய அறிவின் இன்பமும் அப்படியே. ஆசைக்கு உரியவன் இல்லாத பேற்றைப் பேறு என்று அழைப்பதற்கு அத்வைதம் தரும் விடைகள் நுட்பமானவைதாம். ஆனால் இக்கேள்வியின் கூர்மையை அவை முழுதும் மழுக்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

தற்சுட்டு நேரடியாகவே சிக்கலாகும் இடமும் பிரமசூத்திரத்தில் உண்டு. கௌசீதகி உபநிடதத்தில், மனிதனுக்கு மிக நன்மையானதை அருள வேண்டும் என்று கேட்ட பிரதர்தனனிடம், இந்திரன் தன்னையே அறியுமாறு சொல்கிறான். ‘நான்’ சொல்பவனையே குறிக்குமாயின் ஒரு தேவனை அறிவதே மேலான நன்மை என்றாகும். சுற்றியுள்ள பகுதியோ பிரமத்துக்கே உரிய அடையாளங்களைத் தருகிறது. தானும் பிரமமும் ஒன்றே என்ற மறைநோக்கு கைவந்ததால் இந்திரன் அவ்வாறு சொன்னான் என்பது அத்வைத ஆசிரியர் சங்கரரின் உரை. இராமாநுசரோ, உயிர்கள் யாவும் இறைவனுக்கு உடல்; உடலைக் குறிக்கும் சொல் அதனுள் உறையும் ஆன்மாவையும் குறிப்பது போல, இந்திரனின் ‘நான்’ இந்திரனோடு நின்றுவிடாமல் அவனுள் அந்தர்யாமியாய் இருப்பவன் வரை செல்கிறது என்று பொருள் கண்டார். இருவருமே ‘நான்’ சொல்பவரைக் குறிக்கும் என்ற விதியை மீறவில்லை. சொல்பவர் என்பவர் எவ்வளவு ஆழம் உடையவர் என்பதிலேயே வேறுபட்டனர்.

இராமாநுசரின் இவ்வுரை இன்றைய சமய மெய்யியலின் ஒரு முடிச்சையும் தொடுகிறது. நார்மன் கிரெட்ஸ்மன் 1966-இலும் பாட்ரிக் கிரிம் 1985-இலும், ஒருவர் ‘நான் துன்புறுகிறேன்’ என்று அறிவதை இறைவன் ‘இவர் துன்புறுகிறார்’ என்று படர்க்கையில் மட்டுமே அறிய முடியுமாயின், அவர் அறியாத ஓர் அறிவு ஒவ்வோர் உயிரிடமும் இருக்கிறது, ஆகவே முற்றறிவு என்பதே ஐயத்துக்கு உரியது என்று வாதிட்டனர். இவ்வாதம் இறைவனை எதிரே நிற்கும் மற்றொருவராக, படர்க்கையிலிருந்து பார்ப்பவராக வைத்துக்கொண்டு எழுவது. உயிரின் ‘நான்’ தன்னளவில் முடியாமல் உள்ளுறைபவன் வரை செல்லும் என்று கொண்ட இராமாநுசரிடம் அந்த முன்முடிவு இல்லை; அதனால் உயிரின் வினைத்துன்பம் உள்ளுறைபவனையும் பற்றுமோ என்ற வேறு கேள்வியை அவர் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று; உடலின் குறைகள் அதனுள் உறையும் ஆன்மாவைச் சேராதது போல அவையும் சேரமாட்டா என்று அதற்கு அவர் விடை தந்தார். அவர் காட்டிய வீட்டில் உயிர் இறைவனுக்கு உடலாய், குறைவற்ற அறிவுடன் இருந்து, ‘நான்’ என்றே தன்னை அறிகிறது.